எச்சில் தொட்டு வரைந்த படம்

எனக்கு எண்பத்தொன்று முடிந்து எண்பத்திரண்டு நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூட இரண்டு எங்கிருந்து வந்தது என்றால், என் நாத்தனார் செத்துப்போய் அவள் பிள்ளைகள் இரண்டும் என் இடுப்புக்கு வந்தன. ஏழும் என் கைச்சோறு தின்றுதான் ஆளானது. ஒன்றுகூட இன்னொருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலில் எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்து என்றால் கையெழுத்துப் போடவும், பஸ் கம்பம் போகிறதா தேனி போகிறதா என்று பார்க்கவும்தான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மூத்த மகள் வயிற்றுப் பேத்தி. கை அவளுடையது, பேச்சு என்னுடையது.

விஷயம் ஒரு படம். பேத்தி தேனியில் வீடு கட்டியிருக்கிறாள். கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு என் பரணில் கிடந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்க் கலரில் வரைந்தது. எங்கள் தோட்டத்து வீடு, முன்னால் வயல், பின்னால் மலை. கண்ணாடி போடக் கொடுத்த கடையில், "ஓரத்துல காபி கொட்டின மாதிரி கறை இருக்கும்மா, அட்டை வச்சு மறைச்சிரலாம்" என்றானாம். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டு எனக்குப் போன் போட்டுச் சொல்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

"அடியே, அது காபி இல்ல. நம்ம குப்பைக்குழி. அத மறைக்கிறதா இருந்தா படம் என் வீட்டுக்கே திரும்பி வந்துரணும்" என்றேன்.

மறுநாளே படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து உட்கார்ந்துவிட்டாள். "அது என்ன கதை அம்மாச்சி, சொல்லு" என்றாள். அழகான கதை ஒன்றும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஆனாலும் சொல்கிறேன்.

எமர்ஜென்சி வந்ததற்கு முந்தின வருஷம், ஆனி மாதம். மேற்கு மலையில் சாரல் பிடித்து, லோயர் கேம்பில் அணைத் தண்ணீர் திறந்து, முதல் போகத்துக்கு நட்ட நாற்று வேர்பிடித்து நின்ற நேரம். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். உத்தமபாளையத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக ஒருவன் இருந்தான். சொந்த ஊர் வடுகபட்டி. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், முறையும் ஒத்துவந்தது. நேரில் அவரு இவரு என்றுதான் பேசினேன். இங்கே சொல்லும்போது அவன் என்றுதான் வாயில் வருகிறது. அப்படியே எழுது என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. மாதம் பிறந்தால் சம்பளம், வானத்தைப் பார்க்க வேண்டாம், வாய்க்காலைப் பார்க்க வேண்டாம். "நம்ம புள்ள வெயில்ல காயாம நெழல்ல இருக்கும்ல" என்பார். மூத்தவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவன் வருகிற சனிக்கிழமையில் அவள் தலை வாரியிருக்கிற அழகிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் மூத்தவள் அந்த வீட்டுக்குப் போகிறாளா இல்லையா என்பது அவனுடைய தாய் சொல்லில் நின்றது. அந்த அம்மாவுக்கு முட்டியில் வாதம், பஸ் ஏறி இறங்க முடியாது. "நீ போயி பொண்ணு வீட்ட உள்ளது உள்ளபடி பாத்துட்டு வந்து சொல்லு" என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தது. இவன் வாயால் சொல்வானேன், வரைந்தே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று பலகையும் தாளுமாக வந்து இறங்கினான்.

"போட்டோ புடிச்சா கறுப்பு வெள்ளையில எல்லாம் செத்தாப்புல இருக்கும் மாமா. நான் வரைஞ்சா உள்ளது உள்ளபடி இருக்கும். எங்கம்மா இங்கன வந்து நின்னு பாத்தாப்புல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன அத்தை, சரிதான?" என்றான். இன்னும் தட்டு மாற்றவில்லை, அதற்குள் அத்தை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு நேர் எதிரே ஒரு புளியமரம். அதன் அடியில் உட்கார்ந்தான். தாளை முந்தின நாளே தண்ணீரில் நனைத்து, பலகையில் நாலு பக்கமும் கோந்து போட்டு ஒட்டிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான். அப்படிச் செய்தால் கலர் பட்டதும் தாள் சுருங்காதாம். அந்த மட்டில் நறுவிசுதான். உட்கார்ந்ததும் இரண்டு கிண்ணம் கேட்டான். கொட்டாங்கச்சியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது ஆகாது அத்தை. வெள்ளையா இருக்கணும். அப்பத்தான் தண்ணி அழுக்காயிருச்சான்னு தெரியும்" என்றான்.

நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் உள்ளே போய், என் பிறந்த வீட்டிலிருந்து வந்த பீங்கான் கிண்ணம் இரண்டையும் எடுத்து வந்து கொடுத்துவிட்டார். என் அண்ணன்மார் வந்தால் பாயசம் ஊற்றிக் கொடுப்பதற்கு வைத்திருந்த கிண்ணம். ஒன்றில் பிரஷ்ஷைக் கழுவினான். கழுவக் கழுவத் தண்ணீர் கழனித்தண்ணியாக மாறியது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது அதை எங்கே கொட்டினான் என்று கேளுங்கள். என் கறிவேப்பிலைக் கன்றில் கொட்டினான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் வாயைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மோர் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். பிரஷ்ஷைக் கலரில் தொட்டான், கிண்ணத்தில் அலசினான், உதட்டுக்குள் விட்டு ஒரு இழு இழுத்தான். முனை ஊசிபோல வந்தது. அதைக் கொண்டு தென்னை ஓலைக்கு ஒரு கோடு. மறுபடியும் கலர், மறுபடியும் வாய், மறுபடியும் கோடு. பெட்டியில் கட்டி கட்டியாகக் கலர் இருந்தது. காய்ந்துபோன கட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம் அல்லவா? துப்பினான். நாக்கு நுனியில் ஒரு சொட்டு எடுத்து, என்னமோ தீர்த்தம் விடுகிற மாதிரி விட்டுக் குழைத்தான். மோர்ச் சொம்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஏழு பிள்ளையும் சொம்பை அண்ணாந்துதான் குடிக்கும். ஒன்று கடித்த கொய்யாவை இன்னொன்று வாங்கித் தின்றால் முதுகில் அடி விழும். எச்சில் என்றால் எச்சில்தான். அதைக் குழைத்து என் வீட்டுச் சுவரை வரைகிறான், நிலைப்படியை வரைகிறான், வீட்டுக்கு மேலே நிற்கிற மலையை வரைகிறான்.

"ஏங்க, என்ன கண்றாவி இது, வாயில வச்சு வச்சு எடுக்குறாரு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தொழில் அப்படி. ஒனக்கென்ன தெரியும், போடி."

"தொழில்னா? கொத்தனாரு சாந்த நக்கிக்கிட்டா பூசுறாக?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல்பக்கம் போனார். பதில் மூத்தவளிடமிருந்து வந்தது.

"ஏன் ஆத்தா, ஊசில நூலு கோக்கையில நீ நூல வாயில வைக்கலையா?"

"அது என் நூலு, என் வாயி. அத எவ வீட்டுச் சுவத்துல மாட்டப் போறேன்?"

"அவரு வாயின்னா மட்டும் எச்சிலாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அப்போதுதான் பிள்ளை அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் சாய்ந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

மத்தியானம் சாப்பிட வந்தான். வாயைத் திறந்தால் நாக்கு நீலம். கடைவாயில் பச்சை. அந்த நாக்கோடு என் பித்தளைத் தட்டில் கை வைக்க விடலாமா? வாழை இலை அறுத்துப் போட்டேன். இலையென்றால் தூக்கி எறிந்துவிடலாம். அவனோ, "அத்தை எலை போட்டு ராஜ மரியாதை பண்ணுறாக மாமா" என்று சிரித்துக்கொண்டே தின்றான். நானும் சிரித்துவைத்தேன். அவன் எழுந்துபோன பிறகு அந்த இலையைக் குச்சியால் தள்ளிக்கொண்டுபோய்க் குழியில் போட்டேன். கையால் தொடவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாக்கு அழுகிப்போகும். மேகத்தை நன்றாக வரைந்தான். பலகையைச் சாய்த்துப் பிடித்து, மேல்பாதி முழுக்கத் தண்ணீரால் நனைத்து, ஈரம் காய்வதற்குள் சாம்பல் நிறத்தை ஓரிடத்தில் தொட்டுவிட்டான். அது தானாகப் பரவி, மலைமேல் இறங்குகிற கேரளத்து மழை மேகமாகவே ஆகிவிட்டது. பார்த்த மாத்திரத்தில், களத்தில் காயப்போட்ட மொச்சையை அள்ளிவிட வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. மலைக்கு நீலம் பூசினபோது, விறகு பொறுக்கப் போகிற மலை எப்படி நீலமாகும் என்று கேட்டேன். "இங்கன இருந்து பாருங்கத்தை" என்றான். பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. அவ்வளவு காலம் பார்த்தும் நான் கவனித்ததில்லை.

இன்னொன்றும் சொன்னான். "வெள்ளைன்னு ஒரு கலரையே நான் தொட மாட்டேன். வெள்ளை எங்க வேணுமோ அங்க தாள சும்மா விட்டுரணும். விட்டுர்றதுலதான் இருக்கு வேலை." வாய்க்கால் தண்ணீர் மின்னுகிற இடம், வயலில் நிற்கிற கொக்கு, சுண்ணாம்பு அடித்த சுவர், எல்லாம் அவன் தொடாமல் விட்ட தாள்தான். விட்டுவிடுவதில் கெட்டிக்காரன் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. எனக்கு அந்த எச்சிலே கண்ணை மறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்தது. பலகையோடு கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தான். என் வீட்டுக்காரர் எட்ட நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், தென்னையை எண்ணிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு மட்டும் ஏதோ ஒன்று குறைந்தது. யாரோ வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்காராத மாதிரி இருந்தது. மூத்தவள்தான் கேட்டாள். அவனிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"குப்பைக்குழி எங்க?"

எங்கள் வீட்டுக்கு முன்னால், வாசலுக்கு வடக்கே, வண்டிப்பாதையை ஒட்டி இருந்தது குழி. வண்டியே இறங்குகிற அகலம். சாணி, சாம்பல், வைக்கோல் கூளம், அடுப்புச் சருகு எல்லாம் அடுக்கடுக்காக விழுந்து, சித்திரையில் திறந்தால் கறுகறுவென்று, புட்டு மாதிரி உதிரும். அதை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தால்தான் இரண்டு போகமும் நெல். பொங்கலுக்கு முதல் நாள் வீட்டு நிலையில் காப்புக் கட்டுகிற அதே வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவைக் குழி ஓரத்திலும் செருகுவோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரக்கண்ணால் அதைத்தான் பார்ப்பார்கள். குழி நிறைந்திருந்தால் தொழுவம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் தொழுவத்தை வழித்துக் கூடை கூடையாகத் தலையில் தூக்கிக் கொட்டுவது மூத்தவள் வேலை.

அவன் சிரித்தான். "அது எதுக்கு படத்துல? அசிங்கம். பாத்தாலே மூக்கப் பொத்தத் தோணும். அங்கன வெயிலு விழுந்த வாசலா விட்டுட்டேன்."

"மாடு?"

"மாடு அசையும். நிக்கிறதத்தான் வரையலாம்."

"தொழுவம் நிக்கத்தான செய்யுது?"

"அது தென்ன நெழலுக்குள்ள போயிருச்சு" என்றான்.

மூத்தவள் கை மெதுவாக உச்சந்தலைக்குப் போய், சும்மாடு வைக்கிற இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு முறை முறைத்தார். பேசாதே என்பதற்கு அது. பேசவில்லை. உள்ளது உள்ளபடி என்று வந்தவன், உள்ளதிலேயே பெரியதை விட்டுவிட்டான். இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அந்தச் சோறு விளைகிற இடத்தை அசிங்கம் என்றான். எச்சிலைப் பார்த்து வந்த குமட்டல் அன்றைக்கு வேறு இடத்திலிருந்து வந்தது.

படம் வடுகபட்டிக்குப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை அவனோடேயே திரும்பி வந்தது. முகம் தொங்கியிருந்தது. என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னான்.

"ஒண்ணுமில்ல மாமா. எங்கம்மா ஒரு சந்தேகம் கேட்டாக."

"என்ன கேட்டாக? எப்படிக் கேட்டாகளோ அப்படியே சொல்லுங்க மாப்ள."

தயங்கித் தயங்கிச் சொன்னான். "வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா மாடு கண்ணு இல்லாத வீடாட்டம் தெரியுதே. குப்பைக்குழி இல்லாம வெள்ளாம பாக்குற சம்சாரி வீடு எந்த ஊர்ல இருக்கு? பால் மோரு பழகாத வீட்டுப் பொண்ணு நமக்கு வேணாம்டான்னு சொல்லிட்டாக."

அந்த அம்மாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே கும்பிடத் தோன்றியது. வடுகபட்டியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு தாளைப் பார்த்தே எங்கள் வீட்டில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டதே.

"குழிய இப்பச் சேத்துர்றேன் மாமா. அங்கன வெறுந்தாளுதான, மேல கலரு ஏறும். ஒரு மணி நேர வேலை" என்றான்.

இந்த முறை புளியமரத்துக்குப் போகவில்லை. நிறம் சரியாகத் தெரிய வேண்டுமாம், குழிக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மூக்கில் கைக்குட்டை. ஈ விரட்ட ஒரு கை, வரைய ஒரு கை. செம்மண் நிறத்தில் கொஞ்சம் பச்சை, அதில் கொஞ்சம் நீலம் என்று கலந்து கலந்து பார்த்தான். வந்துவிட்டது. ஈரச் சாணி, அப்படியே அசல். அதைப் பிரஷ்ஷில் எடுத்தான். கைக்குட்டையைக் கீழே இழுத்தான். வாயில் வைத்து ஒரு இழு இழுத்தான்.

குழியைப் பார்க்கக் கூசினவன் அதன் நிறத்தை நக்குகிறான். உதட்டில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைக்கவுமில்லை.

கூடையைக் கொட்டிவிட்டு நின்ற மூத்தவள் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை. "ஆத்தா, இங்கன வந்து பாரேன். குப்பைய நக்குறாரு" என்று கூடை கீழே விழச் சிரித்தாள். அவன் முகம் சிவந்துவிட்டது. பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு அசிங்கம்னீக. இன்னைக்கு மட்டும் அசிங்கமில்லையா?"

"அம்மா கேட்டாக, அதான்."

"அவக கேக்காட்டி?"

பிரஷ் கையிலேயே நின்றது.

"உங்கம்மாவுக்கு நாளைக்கு என்னையப் புடிக்கலன்னா, என்னையும் வெயிலுன்னு சொல்லி விட்டுருவீகளோ?"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். அவள் அவரைப் பார்த்து, "ஐயா, எனக்கு இவரு வேணாம்" என்றாள். அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள். மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் அழுகை வரும்.

அவன் பிரஷ்ஷில் இருந்த கலர் தாளில் சொட்டிவிட்டது. சொட்டினது ஈரத்தில் பரவியது. அதை உறிஞ்சி எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தாளைக் கத்தியால் அறுத்துப் பலகையிலிருந்து எடுத்து வைத்தான். "இதத் தூக்கி அந்தக் குப்பையிலயே போடுங்க" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். போகிறவனுக்கு வாயில் ஒட்டியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படியே பஸ் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்துவிட்டார். சம்பளக்கார மாப்பிள்ளை போன துக்கம் அவருக்கு அறுப்பு வரைக்கும் இருந்தது. படத்தை மட்டும் குப்பையில் போட விடவில்லை. "மல நல்லாருக்குல்ல" என்று சட்டம் போட்டு மாட்டினார். அவர் இருந்தவரை மாட்டியிருந்தது, போன பிறகு பரணில் ஏற்றினேன். அத்தனை வருஷமும் அதைப் பழந்துணியால்தான் துடைத்தேன், வெறுங்கையால் தொட்டதில்லை. பீங்கான் கிண்ணம் இரண்டையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மனசு ஒப்பவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன்.

தை மாதம் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் குழி ஓரத்தில் நின்று, ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "நல்லா மக்கியிருக்கே" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. சொன்ன கையோடு என்ன செய்தார்? வாயில் அடக்கியிருந்த புகையிலையை அந்தக் குழிக்குள்ளேயே புளிச்சென்று துப்பினார்.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அம்மாச்சி, எங்கப்பாவையும் எழுதணுமா?"

எழுது. உள்ளது உள்ளபடி எழுது. அன்றைக்குத் துப்பினவர் இன்றைக்கு வரைக்கும் துப்புகிறார். திண்ணைத் தூண், கிணற்று மேடு, மோட்டார் ரூம் சுவர் என்று பாக்கியில்லை. சுண்ணாம்பு அடித்து அடித்து என் மகளுக்குக் கை ஓய்ந்தது. அந்த வீட்டுக்குப் போனால் நான் சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை. ஒரு எச்சிலுக்குத் தப்பி இன்னொரு எச்சிலில் போய் விழுந்தாயேடி என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். "அவரு எதையும் மறைக்காமத் தெரியத்தான ஆத்தா துப்புறாரு" என்பாள். இருக்கட்டும். அருவருப்பு அருவருப்புதான்.

பேத்தி, படத்தை மாட்டுகிறதானால் மாட்டு. அட்டை வைக்காதே. அந்தக் கறை முழுசாகத் தெரிய வேண்டும். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் குப்பைக்குழி என்று சொல். மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடு, சாப்பிடச் சொல்லாதே.

எழுதினது போதும். தாளைத் திருப்பு, முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். அவன் அசிங்கம் என்று சொன்ன இடத்தை முழுங்காமல் வாசி. உங்கப்பன் துப்பின இடத்தையும்.